எங்களைப் பத்தின கூட்டத்துல எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க: காலேஜ் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பிரின்சிபால் சாருக்கும், காலேஜ் கவுன்சில்ல இருக்கற ஹெச்ஓடி சார், டீச்சர்மார் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் உங்க காலேஜ்ல பிஏ தமிழ் படிச்சவ. இப்போ பாலக்காடு ஜில்லாவோட கிழக்கு ஓரத்துல, எல்லைய ஒட்டி இருக்கற ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருக்கேன். எங்கிட்ட பத்தாவது படிச்ச புள்ளைங்க ப்ளஸ் டூ முடிச்சுட்டு வருஷா வருஷம் அலாட்மென்ட்ல உங்க காலேஜுக்குத்தான் வருதுங்க. இதுல காலேஜ் பேரை எழுதல, யாரோட பேரையும் எழுதல, ஒருத்தரை ஊர் முன்னாடி நிக்க வெக்கணும்னு எனக்கு எண்ணமில்ல. ஆனா நேர்ல ரெண்டு தடவ வந்து கேட்டும் பதில் வரல, அதனாலதான் எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன்.

தமிழ்லயே எழுதறேன். கேரளாவோட 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்துல தமிழ், கன்னடம் பேசற சிறுபான்மைக்காரங்க கவர்மென்டுக்கு அவங்கவங்க மொழியிலயே எழுதலாம், பதிலும் அதே மொழியில வரணும்னு இருக்கு. போன தடவ நான் குடுத்த தமிழ் மனுவ ஆபீஸ்ல வாங்கி, ஒரு தடவ திருப்பிப் பாத்துட்டு "இது யாரு வாயிப்பாங்க டீச்சரே"ன்னு கேட்டாங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்க அதே பில்டிங்ல மாடியில இருந்தாங்க. அவங்க கிட்ட யாரும் எதையும் கேக்கறதில்லங்கறதுதான் இந்த மடலோட விஷயமே.

ஜூன் மாசம் நடந்த கவுன்சில்ல மூணு முடிவு எடுத்தீங்க. செகண்ட் லாங்குவேஜ் தமிழுக்கு இருந்த ரெண்டு பேட்ச்ச ஒண்ணா சேத்தாச்சு. சேத்த பேட்ச்சுக்கு மூன்றரையிலருந்து நாலரை வரைக்கும் கடைசி அவர் ஒதுக்கியாச்சு. மாடியில இருந்த தமிழ் டிபார்ட்மென்ட் ரூம வேற ஒரு செல்லுக்கு, அதாவது காலேஜ்ல ஒரு வேலைய தனியா பாத்துக்கற குழுவுக்கு, குடுத்தாச்சு. இந்த மூணையும் புள்ளைங்க வாட்ஸப் குரூப்ல வந்த ஒரு போட்டோவ பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டாங்க. டிபார்ட்மென்ட்ல பாடம் நடத்தற கெஸ்ட் டீச்சர்களுக்கும் அதே போட்டோதான், அதே நேரத்துலதான் வந்துது. அவங்கள்ல ஒருத்தங்க எங்கூட படிச்சவங்க. போன் பண்ணி "ஏண்டி உனக்கு முன்னாடியே தெரியுமா"ன்னு என்னை கேக்கறாங்க, வெளிய ஸ்கூல்ல இருக்கற என்னைய!

எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டுப் பாத்தேன். பெர்மனன்ட் போஸ்ட்ல இருந்த கடைசி சார் ரிட்டயர் ஆயிட்டாரு. அந்த இடம் காலியா கெடக்கு. இருக்கறவங்க எல்லாருமே கெஸ்ட். கவுன்சில்னா பிரின்சிபால், ஹெச்ஓடிங்க, டீச்சர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிங்க இருக்கற கூட்டம், கெஸ்ட்டுக்கு அதுல இடமில்ல. தமிழுக்கு ஹெச்ஓடி சார்ஜ் வேற ஒரு டிபார்ட்மென்ட் சாருக்கு குடுத்திருக்கு. அவரு நல்ல மனுஷன், எனக்கே மரியாதை உண்டு, ஆனா அவருக்கு தமிழ் வாசிக்க வராது, எங்க புள்ளைங்க எந்த ஊர்லருந்து எந்த பஸ்ல வருதுங்கன்னும் தெரியாது. அவரு அன்னைக்கு கூட்டத்துல ஒண்ணும் சொல்லலையாம். அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன், தெரியாத விஷயத்துல ஒருத்தர் என்னத்த சொல்லுவாரு. ஆக, தமிழ் டிபார்ட்மென்ட்டோட ரூம், நேரம், பேட்ச் மூணையும் முடிவு பண்ணின கூட்டத்துல தமிழ் சொல்லித் தர்ற ஒருத்தர்கூட இல்ல.

முத தடவ நான் வந்தது ரெண்டு புள்ளைங்களோட அம்மாமாரோட. ஆபீஸ்ல சொன்ன பதில் "கவுன்சில் தீருமானம் ஆணு டீச்சரே", கவுன்சில் எடுத்த முடிவாம். ரெண்டாவது தடவ பிரின்சிபால் சாரே பாத்தீங்க, சார், அதுக்கு இப்பவும் நன்றி சொல்றேன், டீ குடுத்தீங்க, உக்கார வெச்சு பேசினீங்க. காலேஜுக்கு தர மார்க் போடற நாக் (NAAC) குழு வருது, அந்த செல்லுக்கு தனி ரூம் காட்டணும், பில்டிங்ல இடமில்ல, நான் என்ன பண்ணட்டும்னு கேட்டீங்க. இடமில்லங்கறது நெசம்தான், நானும் அதே பில்டிங்ல படிச்சவதான். மேல இருந்து வர்ற பிரஷர் எவ்வளவுன்னு ஒரு ஸ்கூல் டீச்சரான எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனா சார், நாக் மார்க் போடற ஏழு கிரைட்டீரியால ஆறாவதோட பேரே கவர்னன்ஸ், லீடர்ஷிப், மேனேஜ்மென்ட். அதுல அதிகாரத்த எப்படி பகிர்ந்துக்கறீங்க, முடிவு எடுக்கறதுல எல்லாரையும் எப்படி சேத்துக்கறீங்கன்னுதான் கேள்வியே வருது. ரூம் காட்டி வாங்கற மார்க் ஒண்ணுன்னா, அந்த ரூம் எப்படி கெடச்சுதுன்னு எழுத வேண்டிய பக்கமும் அதே ரிப்போர்ட்லதான் இருக்கு.

ரூம கூட விட்டுடறேன் ஒரு நிமிஷத்துக்கு. பேட்ச் சேத்ததுதான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுக்கற விஷயம், அத கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா கவுன்சில்ல இருக்கற நெறைய பேருக்கு அது ஒரு சின்ன டைம்டேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டா தெரிஞ்சிருக்கும்.

ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு எத்தன போஸ்ட்னு தீர்மானிக்கறது வொர்க்லோடு, அதாவது வாரத்துக்கு மொத்தம் எத்தன மணி நேரம் பாடம்ங்கற கணக்கு. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த கவர்மென்ட் ஆர்டருக்கு அப்புறம் ஒரு போஸ்டுக்கு வாரம் 16 மணி நேரம்ங்கற கணக்கு எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் எல்லார் வாயிலயும் இருக்கு, பிஜி கிளாஸ் மணி நேரத்த கூட்டிக் கணக்கு வெக்கற மாதிரி முந்தி குடுத்துட்டிருந்த வெயிட்டேஜையும் அதே ஆர்டர்ல எடுத்துட்டாங்க. உங்க எல்லார் டிபார்ட்மென்ட்டையும் அது கடிச்சது, தமிழ மட்டுமில்ல. அதுக்கு மேல 2024ல நாலு வருஷ டிகிரி வந்துது. 3 வருஷத்துல வெளிய போனா 133 கிரெடிட், 4 வருஷம் இருந்தா 177 கிரெடிட்னு புதுக் கணக்கு. பழைய சிலபஸ்ல செகண்ட் லாங்குவேஜுக்கு 16 கிரெடிட் இருந்துது, இப்போ அது நல்லா சுருங்கிப் போச்சு. மலையாளம், ஹிந்தி, தமிழ், அரபின்னு மொழி நடத்தற எல்லாருக்குமே மணி நேரம் கொறஞ்சு போச்சு. சரி, இதெல்லாம் உங்க கையில இல்ல.

பேட்ச்ச சேக்கறது உங்க கையில இருந்துது. ரெண்டு பேட்ச்சா இருந்தப்போ ரெண்டு பேட்ச்சோட மணி நேரமும் வொர்க்லோடுல ஏறும். ஒண்ணா சேத்தா பாதி போயிடும். அடுத்த வருஷம் போஸ்ட் கணக்கு பாக்கறப்போ 16 வரல, அதனால போஸ்ட் வேண்டாம்னு எழுதுவாங்க. போஸ்ட் இல்லன்னா பெர்மனன்ட் ஆள் வர மாட்டாங்க. பெர்மனன்ட் ஆள் இல்லன்னா ஹெச்ஓடி இல்ல, ஹெச்ஓடி இல்லன்னா கவுன்சில்ல குரல் இல்ல, குரல் இல்லன்னா அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு மணி நேரத்த யாராவது எடுத்துக்குவாங்க. யாரும் தமிழ மூடணும்னு நெனச்சு இத பண்ணலைன்னு நான் முழுசா நம்பறேன். யாரும் நெனக்காமயே ஒரு டிபார்ட்மென்ட் மூடிப் போற வழி இதுதான், அதான் எனக்கு பயமா இருக்கு.

கடைசி அவர் விஷயம். எங்க பக்கம் வர்ற பஸ் நாலேகால் போல காலேஜ் ஸ்டாப்ப தாண்டிடும். அத விட்டா அடுத்தது ஆறு மணிக்கு கிட்ட. கோழிப்பாறை தாண்டி உள்ள இருக்கற ஊர் புள்ளைங்க அந்த பஸ்ஸ புடிச்சு, எறங்கி நடந்து, வீடு போய் சேர ஏழரை ஆயிடுது. ஐப்பசி, கார்த்திகைன்னா அந்நேரத்துக்கு கும்மிருட்டு, தோப்பு நடுவுல நடக்கணும், லைட்டு கெடையாது. எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, அவங்கப்பா தென்னையில கள்ளு எறக்கறவரு, மத்தியானத்துக்கு மேல அவர் மரத்துல இருப்பாரு, வந்து கூட்டிட்டு போக ஆளில்ல. அந்தப் பொண்ணு எனக்கு போன் பண்ணி, "டீச்சர், ஹிந்தி எடுத்தா காலையிலயே கிளாஸ் முடிஞ்சுடுமாம், மாத்திக்கட்டுமா, எனக்கு எழுத்துக்கூட தெரியாது ஆனா பஸ் கெடைக்கும்"னு கேக்கறா. பன்னண்டு வருஷம் தமிழ்ல படிச்ச புள்ள. நான் என்ன பதில் சொல்றதுங்க? தமிழ்லயே இருன்னா ராத்திரி இருட்டுல நடக்கணும். மாத்திக்கோன்னா, அடுத்த வருஷம் "தமிழுக்கு புள்ளைங்களே இல்ல"ன்னு அதே கவுன்சில்ல ஒரு கணக்கு வரும், அந்தக் கணக்குல நானும் ஒரு கை வெச்ச மாதிரி ஆயிடும்.

அந்த டைம்டேபிள் போட்ட மேசையில ஒரே ஒரு கெஸ்ட் டீச்சர் உக்காந்திருந்தா "சார், நாலேகால் பஸ் இருக்குங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. ரெண்டு நிமிஷப் பேச்சு. அதோட முடிஞ்சிருக்கும்.

கெஸ்ட்டுன்னா வந்துட்டு போறவங்கதானேன்னு நெனக்கறீங்களோ என்னவோ. திருச்சூர் டெபுடி டைரக்டர் ஆபீஸ்ல பேனல்ல பேர் பதிஞ்சு, வருஷா வருஷம் இன்டர்வியூக்கு சர்ட்டிபிகேட் கட்ட தூக்கிட்டு போய், நெட் பரீட்சை பாஸும் பிஎச்டியும் வெச்சுகிட்டு, சம்பளம் மாசா மாசம் ஒழுங்கா வராம மொத்தமா என்னைக்கோ வர்றத வாங்கிட்டு பாடம் நடத்தறவங்க அவங்க. எங்கூட படிச்சவங்க இப்படியே எட்டு வருஷமா அதே கிளாஸ்ல நிக்கறாங்க. இன்டர்னல் மார்க் போடறது அவங்க, பேப்பர் திருத்தறது அவங்க, டூர் கூட்டிட்டு போறது அவங்க, புள்ளைங்களுக்கு பீஸ் கட்ட முடியலைன்னா கைக்காசு போடறது அவங்க. முடிவு எடுக்கறப்போ மட்டும் அவங்க விருந்தாளி ஆயிடறாங்க.

இதுல நான் புதுசா ஒண்ணும் கேக்கல. யுனெஸ்கோ 1997 நவம்பர்ல உயர்கல்வி ஆசிரியர்கள பத்தி ஒரு பரிந்துரை போட்டுச்சு, அதுல ஆசிரியர்ங்க எந்தப் பாகுபாடும் இல்லாம நிர்வாகக் குழுக்கள்ல பங்கெடுக்கணும், தங்களோட காலேஜ் நடக்கற விதத்த விமர்சிக்கவும் உரிமை வேணும்னு இருக்கு. யூஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ஆம் வருஷ அட்டானமஸ், அதாவது தன்னாட்சி காலேஜ் ரெகுலேஷன்ல, பாடத்திட்டம் போடற போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல அந்தந்தப் பாடத்து ஆசிரியர்ங்க மொத்தப் பேரும் இருக்கணும், வெளிய இருந்து நிபுணருங்க, பழைய மாணவர் ஒருத்தர் கூட இருக்கணும்னு எழுதியிருந்துச்சு. பாடத்த தெரிஞ்சவங்க பாடத்த பத்தின முடிவுல இருக்கணும்ங்கறதுதான் எல்லாத்துலயும் அடிப்படை. நம்ம காலேஜ் அட்டானமஸ் இல்ல, அந்த ரூல் அப்படியே ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா பிரின்சிபால் நெனச்சா ஒரு கெஸ்ட் டீச்சர சிறப்பு அழைப்பாளரா கூப்பிட்டு உக்கார வெக்க எந்த சட்டம் தடுக்குதுன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு சொல்லணும், இது கொஞ்சம் மனசுல வலியோட சொல்றது. 2025 ஜனவரி 6ஆம் தேதி யூஜிசி ஒரு டிராஃப்ட் ரெகுலேஷன் விட்டுச்சே, வைஸ் சான்சலர தேர்ந்தெடுக்கற குழுவுல ஸ்டேட் கவர்மென்டுக்கு எடமே இல்லாம, அப்போ ஜனவரி 9ஆம் தேதி தமிழ்நாட்டு சட்டசபையில தீர்மானம் போட்டாங்க, ஜனவரி 21ஆம் தேதி நம்ம கேரள சட்டசபையிலயும் போட்டாங்க. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே குரல், எங்கள கேக்காம எங்க யூனிவர்சிட்டிய பத்தி எப்படி முடிவு பண்ணுவீங்கன்னு. நம்ம காலேஜ்லயும் போர்டு புடிச்சு நின்னாங்க, கவுன்சில்ல இருக்கற சார்மாரே முன்னாடி நின்னீங்க, போட்டோ எனக்கு வந்துது, எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துது, எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன். அதே சார்மாருதான் இந்த ஜூன்ல எங்கள கேக்காம முடிவு பண்ணினீங்க. டில்லி உங்களுக்கு செஞ்சா தப்புன்னு நீங்க சொன்னது சரிதான். அந்த சரிய மாடியில இருக்கற ரூம் வரைக்கும் கொண்டு வாங்கன்னுதான் கேக்கறேன்.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு வழக்கம் இருக்குங்க. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணி. மணக்கடவுல தமிழ்நாடு நமக்கு வருஷம் 7.25 டிஎம்சி விடணும்னு ஒப்பந்தம், 1970ல கையெழுத்தாகி 1958லருந்தே அமல்னு போட்டது. தண்ணி கம்மியான வருஷம் எவ்வளவு சண்டை, எவ்வளவு மறியல், நாம எல்லாரும் பாத்திருக்கோம். ஆனாலும் தண்ணி எவ்வளவு விடறதுன்னு பேசறப்போ ரெண்டு ஸ்டேட் ஆபீசருங்களும் ஒரே போர்டுல எதிரும் புதிருமா உக்காந்துதான் பேசறாங்க. கடைமடை விவசாயி இல்லாம மடை தொறந்தா வாய்க்கால் மேட்டுல என்ன ஆகும்னு கிழக்குப் பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். மணி நேரமும் தண்ணி மாதிரிதானுங்க, மேல இருக்கறவங்க மொதல்ல பாச்சிகிட்டா கடைசி வயலுக்கு வராது.

1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு போட்டப்போ எங்க தாத்தா பாட்டியெல்லாம் இந்தப் பக்கம் வந்தாங்க. வந்தாங்கன்னு சொல்றது தப்பு, அவங்க அதே வீட்லதான் இருந்தாங்க, கோடுதான் நகந்துது. அதே வருஷம் ஏழாவது திருத்தத்துல 350ஏ, 350பின்னு ரெண்டு ஷரத்த அரசியல் சட்டத்துல சேத்தாங்க, மொழிச் சிறுபான்மைப் புள்ளைங்களுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில கெடைக்க ஏற்பாடு பண்ணணும்னு ஒண்ணு, அவங்க பாதுகாப்பு சரியா நடக்குதான்னு பாக்க தனி ஆபீசர்னு ஒண்ணு. ஆரம்பக் கல்வியோட அந்த ஷரத்து நின்னு போயிடுது. காலேஜ் வந்தா அங்க இருக்கற மனுஷங்க மனசு வெச்சாத்தான். எனக்கு மனசு வெச்சாங்க. நான் படிச்ச காலத்துல மலையாளம் ஹெச்ஓடி டீச்சர் ஒருத்தங்க, எங்க தமிழ் சாருக்கு உடம்பு சரியில்லாம லீவுல இருந்த மாசம், கவுன்சில்ல எங்களுக்காக பேசி கிளாஸ் நேரம் போகாம காப்பாத்தி குடுத்தாங்க. அவங்களுக்கு தமிழ் எழுதத் தெரியாது. கூட்டத்துக்கு முந்தின நாள் எங்க கிளாஸுக்கு வந்து "எந்தா நிங்களுக்கு வேண்டது", உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு, ஒரு துண்டுப் பேப்பர்ல குறிச்சுகிட்டு போனாங்க. அந்தப் பழக்கம் உங்க காலேஜோட பழக்கம்தான்.

இப்போ நான் கேக்கறத சொல்லிடறேன். அடுத்த செமஸ்டர் டைம்டேபிளுக்கு கவுன்சில் கூடறப்போ ஜூன் முடிவ மறுபடி எடுத்து வெச்சு பேசுங்க. பேசற அன்னைக்கு தமிழ் நடத்தறவங்கள்ல மூத்தவங்க ஒருத்தர கூப்பிட்டு உக்கார வெச்சு கேளுங்க. பெர்மனன்ட் ஆளில்லாத எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் இதையே வழக்கமா வெச்சுக்கோங்க, நாளைக்கு இது வேற மொழிக்கும் வரும், வேற சப்ஜெக்ட்டுக்கும் வரும். கிளாஸ காலையில இல்லாட்டி மத்தியானம் ரெண்டரைக்கு மாத்த முடியுதான்னு பாருங்க. பேட்ச்ச பிரிக்க முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு எழுத்துல குடுங்க. ஜூன் கூட்டத்தோட மினிட்ஸ்ல எங்க டிபார்ட்மென்ட்ட பத்தின பக்கத்த நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டா 30 நாளுக்குள்ள குடுத்துத்தான் ஆகணும்னு எனக்கும் தெரியும், சில பேர் போடச் சொல்றாங்க. நான் இன்னும் போடல. நான் படிச்ச காலேஜ் கிட்ட ஸ்டாம்ப் ஒட்டி கேக்க மனசு வரல, அதான் இந்த மடல்.

கூட்டம் எந்தத் தேதின்னு தெரிஞ்சா நான் லீவு போட்டுட்டு வர்றேன். உள்ள வர மாட்டேன், வராந்தாவுல இருக்கேன், பஸ் நேரமோ ஊர் விவரமோ கேக்கணும்னா கூப்பிடுங்க.

இன்னொரு காரியம், அதுக்கு கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரூம காலி பண்ணினப்போ டிபார்ட்மென்ட் லைப்ரரி புக்க எல்லாம் அரிசி சாக்குல கட்டி மாடிப்படிக்கு கீழ போட்டிருக்காங்க, ஏழு சாக்கு, நான் எண்ணினேன். பழைய சாருங்க பென்சில்ல ஓரத்துல குறிப்பு எழுதி வெச்ச புக்கெல்லாம் அதுல இருக்கு. அந்தப் படிக்கட்டு ஜன்னல்ல கண்ணாடி உடைஞ்சிருக்கு, நேரா அங்கதான் சாரல் அடிக்கும். துலாவர்ஷம், அதான் ஐப்பசி மழை, தொடங்கறதுக்கு முன்னாடி அந்த சாக்க எடுத்து ஏதாவது ஒரு அலமாரியில வெச்சிடுங்க சார். ஆள் இல்லன்னா சொல்லுங்க, சனிக்கிழமை எங்க பழைய செட்டு ஆளுங்கள கூட்டிட்டு நானே வந்து தூக்கி வெக்கறேன்.

இப்படிக்கு,
உங்க காலேஜ்ல தமிழ் படிச்சு, தமிழ் சொல்லித் தந்துட்டு இருக்கற ஒருத்தி